நீங்கள் மிதித்த பிரேக்

வடக்கனந்தல்
8.11.1987

ஜெனிபரின் அப்பாவுக்கு, தெரசா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். பெங்களூரில் நீங்கள் சோற்றைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுகிறீர்களாம், அங்கே உங்களோடு இருக்கிற டென்னிஸ் அண்ணன் எழுதியிருந்தார். பட்டினி கிடந்தால் கேஸ் போய்விடுமா? முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் இதைப் படியுங்கள்.

நம் வண்டியின் நோய் தெரிந்துவிட்டது. உங்கள் மேல் தப்பில்லை.

ஊர் பேசியதை இதுவரை உங்களுக்கு எழுதவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியலில் உட்கார்ந்தவர்கள் மேல் சூசை வேண்டுமென்றே காரை ஏற்றினான், மறியலால் நாலு நாள் மலையில் மாட்டிக்கொண்ட ஆத்திரம் அவனுக்கு, இதுதான் பேச்சு. மறியலில் உட்கார்ந்திருந்த சின்னராசு கால் முறிந்து கிடந்தார். நீங்களோ கூட்டத்துக்குப் பயந்து கரும்புக்காட்டில் புகுந்து ஓடிவிட்டீர்கள். ஓடினவன் சொல் அம்பலம் ஏறுமா? கண்ணாயிரம் பட்டறைக்கு வந்து வண்டியைப் பார்த்த பிரேக் இன்ஸ்பெக்டரும், ஆயில் குறையவில்லை, எங்கும் ஒழுகவில்லை, மிதித்தால் பிடிக்கிறது என்றார். பிரேக் இருந்தும் சூசை மிதிக்கவில்லை என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

கண்ணாயிரம் அண்ணன் மட்டும் ஒப்பவில்லை. பெடல் பஞ்சாட்டம் கீதுன்னு சூசை என்னாண்ட மூணு வாட்டி வந்தான், மூணு வாட்டியும் பிரேக் ஆயில்ல பூந்த காத்த, ஏர் எடுத்துக் குட்தேன், ரெண்டு நாள் நல்லாத்தான் இருக்கும், மலை ஏறி எறங்குனா மறுபடியும் அதே பஞ்சு என்று புலம்பிக்கொண்டே இருந்தார். ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் பிரித்துப் பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை திடீரென்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். எம்மா, மலை எறங்குனாதான் பஞ்சுன்னா அது சூட்டுல வர்ற நோயி, ஆறிப்போன வண்டிய எத்தினி வாட்டி பாத்தாலும் இன்னா தெரியும் என்றார். ஒரு குண்டான் வெந்நீர் போடச் சொன்னார். சாக்குத் துண்டை அதில் முக்கி, வலது முன்சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாயில், அந்த ஓஸில் சுற்றினார். என்னை உங்கள் சீட்டில் உட்கார்த்தி, அழுத்தி மிதி என்றார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்தப் பெடல் என் காலுக்கடியில் இறங்கிக்கொண்டே போனது பாருங்கள், அப்பப்பா! என் உயிரே கூட இறங்கினது போல இருந்தது.

கீழேயிருந்து அண்ணன் கத்தினார். வெளியே வந்து, நான் மிதிக்கிறேன், நீ போயி பாரு என்றார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் காருக்கடியில் படுத்தேன். சாக்கை விலக்கிப் பார்த்தால், அவர் மிதிக்க மிதிக்க அந்த ஓஸ் தவளைத் தொண்டை மாதிரி உப்புகிறது. காலை எடுத்தால் பழையபடி சுருங்கிவிடுகிறது. வெளியே ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. உங்கள் கால் கொடுத்த பலமெல்லாம் சக்கரத்துக்குப் போகாமல் அந்த உப்பலுக்குள்ளேயே அடங்கிப்போயிருக்கிறது! ஆயில் கையோடு அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டேன். மிதிக்கிறவருக்கு இது தெரியாது, கீழே படுத்தவருக்குத்தான் தெரியும். நீங்கள் எப்போதும் ஒற்றை ஆளாக ஓட்டுகிறவர், எப்படிப் பார்த்திருப்பீர்கள்?

நேரே சின்னராசு வீட்டுக்குப் போனேன். விரட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவாட்டி வந்து பாருங்கள், அது போதும் என்றேன். மறுநாள் மாட்டுவண்டியில், கட்டுப்போட்ட இடது காலை நீட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கீழே குனிந்து அவரால் பார்க்க முடியாது. சீட்டில் ஏறி உட்கார்ந்து நல்ல காலால் தானே மிதித்தார். அண்ணன் மறுபடி வெந்நீர்ச் சாக்கைச் சுற்றினார், சூடு ஏற ஏறப் பெடல் இறங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாதி எழும்பி நின்று மிதித்தார். பெடல் அடிப்பலகையில் போய் இடித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் சொன்னார். அன்னிக்கி சூசை சீட்டுல குந்தலம்மா, இப்பிடித்தான் எழும்பி நின்னுகினு வந்தான், கண்ணாடி வழியா நான் பாத்தேன், இன்னாத்துக்கு நிக்கிறான்னு அப்போ புரியல, எல்லாரும் ஏத்திட்டான் ஏத்திட்டான்னாங்க, நானும் வாய மூடிக்கினேன் என்றார். சொல்லிவிட்டு அழுதார். கால் முறிந்த மனுஷன் உங்களுக்காக அழுகிறார்! இப்படியும் ஒரு மனசைக் கடவுள் படைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். வெள்ளைச் சட்டையோடு அவரும் தரையில் படுத்துப் பார்த்தார், எழுதிக்கொண்டார், ஓஸைக் கழற்றி எடுத்துப் போனார். நேற்று அண்ணன் புது ஓஸ் மாட்டி ஏர் எடுத்தார். அமுக்கு, புடி, வுடு என்று அவர் சொல்லச் சொல்ல நான்தான் மிதித்தேன். கீழே வைத்த பாட்டிலுக்குள் குமிழ் குமிழாகக் காற்று வந்தது, அப்புறம் வெறும் ஆயில்தான். இப்போது பெடல் கல்லு மாதிரி நிற்கிறது.

நாளைக்குச் சின்னராசு ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறார். நீங்களாகவே வந்து நிற்பதுதான் நல்லது என்று கள்ளக்குறிச்சி வக்கீல் சொல்கிறார். பங்குச் சாமியாரும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.

இன்னொன்று இருக்கிறது. மறைத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. ஊர் பேசியபோது நானும் நம்பினேன். உங்கள் கோபம் எனக்குத் தெரியாதா, ஆத்திரத்தில் மிதிக்காமல் விட்டிருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். சின்னராசு உங்களை ஒரு நிமிஷம் பார்த்தவர். நான் பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவள்.

மன்னித்துவிட்டேன் என்று கடுதாசி போட்டுவிடாதீர்கள். நேரில் வந்து திட்டுங்கள். வந்துவிடுங்கள். மாதா உங்களுக்கு முன்னால் நடந்து வரட்டும்.

உங்கள்
தெரசா