ஒருவர் ஓட்டும் படகு

மாடம்பாக்கம்
5 ஜூன் 2022

சௌபாக்கியவதி அபிதாவுக்கு,

நான் நலம். திருச்சியில் நீயும் ப்ரியாவும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். காலமெல்லாம் பேங்க்கில் எழுதித் தேய்ந்த கை, உனக்கு எழுத உட்கார்ந்தால் மட்டும் கூசுகிறது.

துளசிக்குத் தண்ணீர் விடுகிறேன். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன், குறை சொல்லத்தான் ஆளில்லை. கோயில் பிரதோஷக் கூட்டத்தில் பார்க்கிறவர்கள் எல்லாம் மாமி எங்கே என்று கேட்கிறார்கள். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

நான் படகிலிருந்து வழுக்கி விழுந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. அதற்காக இவ்வளவு கோபமா? ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் கோவளம் போய் நம் பாய்மரப் படகைச் சீர்செய்கிறேன். நிறையச் சாமான் வாங்கிவிட்டேன், திட்டாதே. முன்பாயை இறக்க இனி யாரும் படகின் முனைக்குத் தவழ்ந்து போக வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கயிற்றை இழுத்தால் அதுவே சுருண்டுகொள்ளும். பெரிய பாயின் கயிறுகளும் இப்போது இருக்கைப் பக்கமே வந்துவிட்டன. பொத்தானை அழுத்தினால் தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி ஒன்றும் மும்பையிலிருந்து வரவழைத்தேன். மொத்தத்தில், இனி ஒருவரே ஓட்டலாம்.

மகாபலிபுரம் கோபுரம் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டுத் தயிர்சாதம் சாப்பிடுவோமே, அந்த மாதிரி ஒரு ஞாயிறு எப்போது வரும்?

உன்
யக்ஞநாராயணன்


திருச்சி
11 ஜூன் 2022

பிரியமுள்ள உங்களுக்கு நமஸ்காரம்.

கடிதம் கிடைத்தது. ரசத்தைப் படித்துச் சிரித்தேன். சாமான்களைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் படகில் எனக்கென்று இருந்தது இரண்டு வேலை. நீங்கள் பாய் மாற்றும்போது சுக்கானைப் பிடித்துக்கொள்வேன். நீங்கள் கேட்கும்போது கயிற்றைத் தளர்த்துவேன். ஒன்றை மெஷினுக்குக் கொடுத்துவிட்டீர்கள். மற்றதை உங்கள் கைக்கெட்டும் இடத்துக்கு இழுத்துக்கொண்டுவிட்டீர்கள். ஒருவரே ஓட்டலாம் என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். தனியாகப் போவது என்று முடிவு செய்துவிட்டு எப்போது வருகிறாய் என்று எதற்குக் கேட்க வேண்டும்?

எனக்குக் கோபம் என்று நினைக்கிறீர்கள். கோபமில்லை, பயம். அன்றைக்கு நான் உள்ளே காபி கலந்துகொண்டிருந்தேன். தண்ணீரில் என்னவோ விழுந்த சத்தம். "ஏன்னா, எது விழுந்தது?" என்றேன். மேலே வந்தால் இருக்கையில் உங்கள் கண்ணாடி மட்டும் இருக்கிறது. படகு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. பின்னால் தண்ணீரில் உங்கள் தலை தேங்காய் மாதிரி மிதக்கிறது, சின்னதாகிக்கொண்டே போகிறது. எந்தக் கயிற்றை விட்டால் படகு நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், இன்னும் வேகமாகப் போயிற்று. வலை போட்டுக்கொண்டிருந்த பாலு பார்த்து, உங்களைத் தூக்கியிராவிட்டால் நான் இன்றைக்கு யாருக்குக் கடிதம் எழுதுவேன்?

ஒன்பது வருஷமாகப் படகில் கூடவே வந்தவளை விட்டுவிட்டுப் போங்கள். சௌகரியமாக இருக்கும்.

அபிதா


மாடம்பாக்கம்
17 ஜூன் 2022

அபிதா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. இதை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதது என் தப்பு. ஒருவரே ஓட்டலாம் என்று எழுதினேன். அந்த ஒருவர் நான் இல்லை. நீ.

உன் தோள் வலிக்குத் தாங்குமா என்று ஒவ்வொரு கயிற்றையும் என் இடது கையால் மட்டும் இழுத்துப் பார்த்தேன். விட்டவுடன் படகு நிற்கிற கயிற்றைச் சிவப்பாக மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் வெள்ளை. நீ உட்கார்ந்தே முன்னால் பார்க்கும்படி இருக்கையை உயர்த்தியிருக்கிறேன். சுக்கான் கருவி எதற்கென்றால், தண்ணீரில் கிடக்கிற எனக்குக் கயிறு வீச உன் இரண்டு கையும் வேண்டுமே. பின்பக்கம் ஓர் ஏணி வைத்தாயிற்று, தண்ணீரிலிருந்தே இழுத்தால் இறங்கும். வயர்லெஸ்ஸில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கிறேன்.

பாலு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இன்னா சார், போட்டு மொத்தமும் அம்மாவுக்குன்னே செஞ்ச மாதிரி கீது" என்றான். அவனுக்குப் புரிந்தது உனக்குப் புரியவில்லை.

நான் மறுபடி விழுந்தாலும் நீ பயப்பட வேண்டியதில்லை. வா.

உன்
யக்ஞநாராயணன்


திருச்சி
24 ஜூன் 2022

பிரியமுள்ள உங்களுக்கு,

புரிந்தது. முதல் தடவை படித்தபோது அழுதேன். எனக்காக யார் இப்படி ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்ப்பார்கள்? இரண்டாவது தடவை படித்தபோதுதான் அந்தக் கண்ணாடி ஞாபகம் வந்தது.

வழுக்கி விழுகிறவர் எதையாவது பிடிப்பார், ஒரு சத்தமாவது போடுவார். நீங்கள் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி இருக்கையில் வைத்திருந்தீர்கள். கண்ணை இருட்டினால்தானே நீங்கள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்ப்பீர்கள்? கூட இருந்து குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதுகூடவா தெரியாது?

நீங்கள் தண்ணீருக்குள் போனபிறகு நான் என்ன செய்ய வேண்டுமோ, அதற்கெல்லாம் வாங்கிவிட்டீர்கள். நீங்கள் போகாமல் இருப்பதற்கு ஒன்றுகூட வாங்கவில்லை. உங்கள் இடுப்பைப் படகோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள ஒரு பெல்ட் உண்டாமே. மாப்பிள்ளையை விட்டு உங்கள் அளவுக்கு ஆர்டர் செய்திருக்கிறேன். ஆனால் அது கடலுக்குத்தான். குளியலறைக்கும் மாடிப்படிக்கும் எதைக் கட்டுவது?

தாம்பரத்தில் இதய டாக்டரிடம் ஜூலை இரண்டாம் தேதி சனிக்கிழமை மாலைக்கு ப்ரியா நேரம் வாங்கியிருக்கிறாள். அன்று மத்தியானம் நான் திருச்சி பஸ்ஸில் வந்து பெருங்களத்தூரில் இறங்குவேன். நீங்கள் வந்து நின்றால் நேரே டாக்டரிடம் போகலாம். வழுக்கித்தான் விழுந்தேன் என்று இன்னமும் சாதிப்பதாக இருந்தால் வர வேண்டாம். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் அடுத்த திருச்சி பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். நீங்கள் சின்னதாகிக்கொண்டே போவதை இன்னொரு தடவை நின்று பார்க்க என்னால் முடியாது.

அபிதா


மாடம்பாக்கம்
28 ஜூன் 2022

அபிதா,

வழுக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு தடவை மயங்கினேன், பல் தேய்க்கும்போது. அடுத்தது படகில். போன வாரம் கேளம்பாக்கம் சிக்னலில் நிற்கும்போது இன்னொரு தடவை. பின்னால் இருந்த பால் வண்டிக்காரர் பிடித்துக்கொண்டார். சொன்னால் படகை விற்கச் சொல்வாய் என்று பயந்தேன். அது இல்லாமல் நீயும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியவில்லை.

படகைக் கரையேற்றி மூடிவைக்கும்படி பாலுவிடம் சொல்லிவிட்டேன். சிவப்புக் கயிறு மட்டும் புதுசு, வெயிலில் கிடக்க வேண்டாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

சனிக்கிழமை பெருங்களத்தூரில் நிற்பேன். ஸ்கூட்டரைத் தேடாதே. ஆட்டோவில் வருகிறேன்.

யக்ஞநாராயணன்