நான் கேட்காத துளைகள்

பாய்,

நான் பேசாமல் இருந்தது போதும். இன்று காலை புத்தக அலமாரியில் ஒரு தட்டைக் கழற்றினேன். தட்டைத் தாங்கும் சின்ன இரும்பு முளையைப் பிடுங்கியதும் துளைக்குள்ளிருந்து ஒரு சிட்டிகை மரத்தூள் உள்ளங்கையில் விழுந்தது. பிளைவுட் வாசனை இன்னும் போகவில்லை. ஆறு வருடமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த உங்கள் முகம் உடனே வந்து நின்றது.

அந்த அலமாரிக்கு நான் படமே வரைந்து கொடுத்தேன். புத்தகங்களின் உயரத்தை அளந்து, தட்டுக்கு நான்கு துளை, ஐந்து தட்டுக்கு இருபது துளை என்று எழுதியிருந்தேன். நெடுங்காடு சாலையில் உங்கள் பட்டறைக்கு வந்து பார்த்தால், கணினி சொன்ன இடத்தில் துளை போடும் சிஎன்சி ரூட்டர் மெஷின் பக்கப் பலகையின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் முள் வைத்த போரிங் பிட் குத்தி, பலகையின் மறுபக்கம் வராமல் நின்று, மேலே வந்து, அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. ஒரு துளையின் ஓரம்கூடப் பிசிறவில்லை. ஆனால் கீழிருந்து மேல்வரை துளை, துளை, துளை.

"என்ன பாய் இது? ஒங்ககிட்ட இட்லித் தட்டா கேட்டேன்?"

அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நீங்கள் மெஷினை நிறுத்தவில்லை.

"புஸ்தகத்த அளந்துட்டீங்க சார். நாளைக்கு ஒங்க வீட்டுக்கு யாரு வருவா, என்ன வரும்னு அளந்தீங்களா?"

"என் வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க."

"அது தெரியும் சார். இருந்தாலும் போட்டு வைக்கிறேன்."

இந்த முறை அவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

'அது தெரியும்.' அந்தச் சொல்லை நான் விடவில்லை. அலமாரியை எடுத்துக்கொண்டு உங்களை விட்டுவிட்டேன். மார்க்கெட்டில் நீங்கள் கையைத் தூக்கியபோது, மீன் பார்ப்பவன்போலத் திரும்பிக்கொண்டேன். நீங்கள் மௌத்தான அன்று பள்ளிவாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றேன். உங்களைச் சுமந்த சந்தூக்கு என்னைக் கடந்துதான் போனது. மூன்று பஸ்களை விட்டேன். பின்னால் நடந்து வர மட்டும் கால் எழவில்லை.

போன வாரம் வரிச்சிக்குடியிலிருந்து அக்கா என்னோடு இருக்க வந்துவிட்டாள். அத்தான் போய்விட்டார். அவரோடும் எனக்குப் பல வருடம் பேச்சு இல்லை. இப்போது பெரிய சட்டம் போட்ட படமாக வந்து சேர்ந்திருக்கிறார். "இத எங்கடா வைக்கிறது?" என்று கேட்டவளின் கண் அலமாரிமேல் இருந்தது. தட்டைக் கழற்றி மூன்று துளை மேலே மாட்டினேன். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழ் அசையாமல் நடுவில் நின்றது.

அத்தான் இப்போது என் புத்தகங்களுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அடுக்களையிலிருந்து அக்கா, "சோறு ஆறுதுடா, வா" என்று கத்துகிறாள். தலத்தெருவில் இந்த வீட்டுக்குள் இன்னொரு குரல் கேட்பது நன்றாகத்தான் இருக்கிறது. நாலு பேர் முன்னால் நீங்கள் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, பாய். ஆனால் துளை விஷயத்தில் நீங்கள்தான் சரி.

இதைப் பட்டறை முகவரிக்குத் தபாலில் போடுகிறேன். உங்கள் மனைவிதான் இப்போது அதை நடத்துகிறார்கள். கேட்ட துளைகளை மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும் என்று அவர்களிடம் இப்போதும் என்னைப் போல யாராவது சொல்வார்கள். அவர்கள் இதைப் படிக்கட்டும்.

கையெழுத்துப் போடப்போவதில்லை. இட்லித் தட்டு என்று சொன்னவன் யாரென்று நீங்கள் வீட்டில் சொல்லாமலா இருந்திருப்பீர்கள்?