கொப்பு கண்ட இடத்தில் திரும்பு

ஜூன் 11, புதன்

காலையிலிருந்தே தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. கண்ணெல்லாம் மணல். பெருநாள் இறைச்சி இன்னும் முடியவில்லை. நாலாவது நாளாக அதே கறி, இன்று உருளைக்கிழங்கு போட்டு வேறு பெயரில்.

சைக்கிள் கடை பூட்டு. எலுவன்குளம் பக்கம் சைக்கிள் ரூட்டுக்கு மரக்கொப்பு வைக்கும் வேலை. கல்பிட்டி ஹோட்டல்காரருக்கு இந்த மாதக் கடைசிக்குள் ரூட் வேண்டுமாம். அவரிடம் தங்கும் வெள்ளைக்காரர்கள் கடலில் பட்டத்தைப் பிடித்துப் பலகையில் ஓடுகிறவர்கள். காற்று விழுந்த நாளில் சும்மா இருக்க மாட்டார்களாம், மவுண்டன் பைக் கேட்கிறார்களாம்.

ரூட் இப்படி:

குளக்கட்டு மேலே, 2 கி.மீ. லேசு.
வாய்க்கால் பாதை, 5. இரண்டு இடத்தில் சேறு.
காட்டு விளிம்பு, யானை வேலிக்கு வெளியே, 6. மணல். இறங்கித் தள்ள வேண்டி வரும்.
ஆற்றங்கரை, மருத மர நிழல், 8. இதுதான் ரூட்டின் உயிர்.
முடிவு: ஆறு கடலில் விழும் இடம், வள்ளத்துறை.

மொத்தம் 21. காட்டு விளிம்பில் போனுக்கு சிக்னல் கிடையாது. ஆகவே அடையாளம் வேண்டும். பெயின்ட் பூசக் கூடாது, காட்டிலாகா ஒப்பந்தம். துணி கட்டினால் குரங்கு பிய்த்துவிடும். பச்சைக் கொப்பு ஒடித்து, திரும்ப வேண்டிய பக்கத்தில், நெஞ்சு உயரத்தில் செருகுவதுதான் என் வழக்கம். பதினாலு இடம்.

பத்தாவது கி.மீ. தாண்டி, இடப்பக்கம் அந்த வீரை மரம். காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு கொப்பு ஒடித்து அதில் தொங்கவிட்டுவிட்டுத்தான் போவார்கள், காட்டைக் காக்கும் தெய்வத்துக்கு. எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை, ஆனால் நான் பார்த்துப் பழகியது. எலுவன்குளத்துச் சிங்கள விவசாயி சோமே காட்டித் தந்தது. இன்று பார்த்தேன், எல்லாம் காய்ந்த சுள்ளி. என் கொப்பு முந்நூறு மீட்டர் தள்ளி, வலப்பக்கம். குழப்பம் வர வழியில்லை.

முழங்கை கீறல். டெட்டோல் முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.


ஜூன் 12, வியாழன்

கடை. மூன்று பஞ்சர், ஒரு செயின். பாடசாலைப் பிள்ளை ஒன்றின் பிரேக் கம்பி. ஒருவரும் சுகம் விசாரிக்கவில்லை, எல்லோரும் அவசரம்.

ரூட்டைச் சோதிக்க ஆள்: நஸீர். என் மனைவி ஸரீனாவின் ஒரே தம்பி. கட்டாரில் ஆறு வருடம், வந்து இரண்டு மாதம். எலுவன்குளம் பக்கம் ஒருநாளும் போனதில்லை, எனக்கு வேண்டியது அதுதான். என் சட்டம் பழையது: சோதிக்கிறவனுக்கு இடம் தெரியக் கூடாது, நானும் ஒன்றும் சொல்லித்தரக் கூடாது. கொப்பை மட்டும் பார்த்து அவன் வந்து சேர்ந்தால் ரூட் சரி. மூன்று நாள் வாடிய கொப்பும் கண்ணில் பட வேண்டும். ஆகவே சனி.

ஸரீனா: "ஒராளாத் தனிய விடுறீங்களா?"

"வெளிநாட்டுக்காரன் தனியத்தானே வருவான்."

"அந்த வெள்ளைக்காரன்ட அக்கா இங்க இல்ல. இவன்ட அக்கா இருக்கேன்."

சிரித்தேன்.


ஜூன் 14, சனி

மூடல் வானம், மழை இல்லை. விடிய ஐந்துக்கு சின்ன லொறியில் இருவரும். நஸீர் வழி முழுக்கக் கதை. கட்டார் வெயில், கட்டார் சாப்பாடு, கட்டாரில் மரமே இல்லையாம். "மச்சான், நான் ஆறு வருசம் பச்சை நெறத்தக் கண்டது ட்ரஃபிக் லைட்டுலதான்."

6.50 குளக்கட்டு. அவனுக்குக் கொடுத்தது: தண்ணீர் இரண்டு போத்தல், விசில், பாண், வாழைப்பழம், ஒரே ஒரு கட்டளை. "கொப்பு கண்ட இடத்துல திரும்பு. காணாத இடத்துல நேரே போ." வீரை மரத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லிவிட்டால் சோதனை கெட்டுவிடும் என்று விழுங்கினேன். நன்றாக நினைவிருக்கிறது. வாயைத் திறந்தேன், மூடினேன்.

7.00 போனான். நான் லொறியைச் சுற்றிக்கொண்டு வள்ளத்துறைக்கு.

10.00 வர வேண்டும். வரவில்லை.
10.30 டீ. ஆற்றில் குளிக்கிறான் என்று நினைத்தேன். குளிக்கிறவன்தான்.
11.15 கோபம். வரட்டும் பேசிக்கொள்ளலாம்.
12.00 இரண்டாவது டீ. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. என் கையில் டீ இருந்தது.
12.40 வள்ளக்காரன் ஒருவன்: "ஆத்தங்கரையால ஒரு சைக்கிளும் வரல்லயே." அப்போதுதான் எழும்பினேன்.

எதிர்ப் பக்கமாக, முடிவிலிருந்து, நடையும் ஓட்டமும். மணலில் டயர் தடம் இல்லை. ஆற்றங்கரை முழுக்க இல்லை. பதினாலாவது கொப்பு, பதின்மூன்று, பன்னிரண்டு, எல்லாம் வாடி, வைத்தபடி இருந்தன. பதினோராவது கொப்பு வரை வந்தேன். அதன் கீழேயும் தடம் இல்லை. இலை சுருண்டு மரத்தின் நிறத்தில். நானே தேடித்தான் கண்டேன்.

முந்நூறு மீட்டர் தள்ளி வீரை மரம். பதினொரு பச்சைக் கொப்பு. அத்தனையும் புதிது, இலை பளபளவென்று. அதற்குக் கீழே டயர் தடம் இடப்பக்கம் திரும்பி, வேலி திறந்திருக்கும் ஒற்றையடிப் பாதையால் காட்டுக்குள்.

பாலைப்பழம் பழுத்துவிட்டது. நேற்றும் இன்று காலையும் ஊர்ச் சனம் பழம் பொறுக்கப் போயிருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் மாதம் பாலை பழுக்கும் என்று சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். புதன்கிழமை சுள்ளியைப் பார்த்தபோது மாதத்தை நினைக்கவில்லை.

கூப்பிட்டேன். விசிலுக்கு விசில் வரவில்லை. சோமேயின் வீட்டுக்கு ஓடினேன். அவர் பன்னிரண்டு பேரைச் சேர்த்தார். வனவிலங்கு ஆபீசிலிருந்து இரண்டு பேர் துவக்கோடு. ஆறு மணி வரைக்கும் தேடியாயிற்று. அதற்குமேல் யானை இறங்குமாம், ஆட்களை விட முடியாதாம்.

"விடியட்டும் மாத்தயா," என்றார் சோமே. "இப்ப போனா நாளைக்கு ரெண்டு பேரத் தேடணும்."

நியாயம்தான். ஆனால் பதினைந்து பேர் நிற்கும் இடத்தில் என்னை மட்டும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டி வந்தது. ஸரீனாவுக்கு நான் அழைக்கவில்லை. சோமேயின் மகள் அழைத்தாள். என் போன் என் கையில்தான் இருந்தது.


ஜூன் 15, ஞாயிறு

காலை 8.20. உயிரோடு. அல்ஹம்துலில்லாஹ், பத்துத் தடவை எழுதினாலும் போதாது.

அவனைக் கண்டது பழம் பொறுக்க வந்த இரண்டு பெண்கள். பாதையிலிருந்து ஒன்றரை கி.மீ. உள்ளே, ஒரு பாலை மரத்தடியில். கரடி. கீழே விழுந்த பழத்தைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. நடந்து வருகிறவன் சத்தம் போடுவான், மோட்டார் சைக்கிள் சத்தம் போடும். நான் நேற்று முன்தினம்தான் அந்த சைக்கிளின் செயினுக்கு எண்ணெய் போட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் ஆக்கிக் கொடுத்தேன். அவனும் கரடியும் கண்டுகொள்ளும்போது இடையில் ஆறடி.

முகம். எழுத மாட்டேன்.

தன் சேர்ட்டைக் கழற்றி முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தான். ராத்திரி முழுக்க மரத்தில் முதுகைச் சாய்த்து இருந்திருக்கிறான். விசில் வாயில். ஊத உதடு ஒத்துழைக்கவில்லை.

தூக்கி வரும்போது என் கையை அவன்தான் பிடித்திருந்தான். "மச்சான் தானே?" என்று மட்டும் கேட்டான். ஓம் என்றேன்.

புத்தளம் ஆஸ்பத்திரி. அங்கிருந்து அம்புலன்ஸில் கொழும்பு. ஸரீனா முன் சீட்டில். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.


ஜூன் 16, திங்கள்

வலக் கண் இல்லை. இடக் கண் வியாழன் வரை கட்டு. அதற்குமுன் ஒன்றும் சொல்ல முடியாதாம்.

இதற்குள் நான் செய்தவை: கஞ்சி வாங்கினேன், அவன் குடிக்க ஏலாது. புதுத் தலையணை, வார்டில் விடவில்லை. காட்டிலாகாவிலிருந்து போன், அனுமதிக் கடிதம் உண்டா என்று. உண்டு. காட்டு விளிம்புக்கு உண்டு. அவன் போன இடத்துக்கு இல்லை. ஹோட்டல்காரர் போன் எடுத்து மிகவும் வருந்தினார், பிறகு அடுத்த மாதத்துக்குள் வேறு ரூட் ஏதும் சரிவருமா என்று கேட்டார். கேட்டது பிழையில்லை.

ஸரீனாவிடம் எல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில், பஸ் சத்தத்துக்கு நடுவே. மரம், கொப்பு, நான் வாய் திறந்து மூடியது. அவள் கேட்டுக்கொண்டே முந்தானையை மடித்தாள், விரித்தாள்.

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு சட்டம்," என்றாள். "அந்தச் சட்டத்துக்கு என்ட தம்பிதான் கெடச்சானா?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கத்தவில்லை.


ஜூன் 17, செவ்வாய்

எலுவன்குளம் போய் பதினாலு கொப்பையும் பிடுங்கினேன். எதற்கு என்று தெரியாது. யாரும் அந்த வழியால் வரப்போவதில்லை. சும்மா இருக்க ஏலவில்லை.

சோமே கூட வந்தார். வீரை மரத்தடியில் நின்றார். பதினொரு கொப்பும் இப்போது வாடிவிட்டது. "இதுல ஒண்டு என்ட மகள் வெச்சது," என்றார். "அவ ரெண்டு நாளா சாப்பிடல்ல. நான்தான் செஞ்சேன் எண்டு அழுறா."

அவள் மீது ஒரு பிழையும் இல்லை என்று சொல்லச் சொன்னேன். அவர் தலையாட்டினார். சொல்லுவார், அவள் நம்ப மாட்டாள். நானும் நம்ப மாட்டேன் யாராவது எனக்குச் சொன்னால்.

சைக்கிளை லொறியில் ஏற்றினேன். முன் சில்லு நெளிந்திருக்கிறது. திருத்தலாம். திருத்தப் போவதில்லை.


ஜூன் 18, புதன்

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம். கடை திறக்கவில்லை. மூன்று பேர் வந்து தட்டிவிட்டுப் போனார்கள்.

நஸீருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தான் கொப்பைப் பார்த்துத் திரும்பியது சரி என்று நினைக்கிறானா, பிழை என்று நினைக்கிறானா, அதுவும் தெரியாது. நாளை சொல்ல வேண்டும். எப்படி என்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "அந்த மரத்தில் கொப்பு தொங்கும் என்று எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை." இதுதான் உண்மை. கட்டிலில் கிடக்கிறவனிடம் இதைச் சொல்லி இறக்கி வைப்பது எனக்கு நல்லது, அவனுக்கு என்ன நல்லது?

இரண்டு: "என்னை மன்னிச்சிரு." மன்னிக்கிறேன் என்றுதான் சொல்லுவான், அவன் குணம் அப்படி. அதற்காகவே கேட்கப் பயம்.

மூன்றாவது எழுதவில்லை.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு அல்லாஹ்விடம் அவனுடைய இடக் கண்ணை மட்டும் கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றையாவது விட்டுவை என்று கேட்க வேண்டிய நிலைக்கு நான் கொண்டுவந்துவிட்டேன்.


ஜூன் 19, வியாழன்

மதுரங்குளியிலிருந்து கொழும்புக்கு முதல் பஸ். ஸரீனாவும் நானும். சிலாபம் வரைக்கும் நின்றபடி.

கண் கட்டை இன்று காலையில் அவிழ்த்துவிட்டார்களாம். பெரிய டொக்டர் வாசலில் வைத்துச் சொன்னார்: வெளிச்சம் தெரிகிறது, உருவம் இன்னும் இல்லை. வீக்கம் வற்றினால் கூடலாம். கூடாமலும் போகலாம். ஸரீனா மூன்று தடவை கேட்டாள், அவர் மூன்று தடவையும் அதையேதான் சொன்னார்.

ஒருவர்தான் உள்ளே போகலாம். "நீங்களே போங்க," என்றாள். "சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வாங்க. பொறகு நான் போறேன்."

நஸீர் கட்டிலில் எழும்பி இருந்தான். வலப்பக்கம் பஞ்சு. இடக் கண் திறந்து, சிவந்து, நேராக என்னைப் பார்த்தது. டொக்டர் சொன்னதை மறந்தே போனேன். கண்டுவிட்டான் என்று கையைத் தூக்கினேன்.

பக்கத்தில் மருந்து அளந்துகொண்டிருந்த நர்ஸ் தமிழ் தெரிந்தவர். அவரிடம்தான் அவன் கதைத்தான்.

"மிஸ், என்ட மச்சான் இண்டைக்கு வருவாரு. வந்தாருண்டா ஒண்டு சொல்லுங்க. எனக்கு அவர்ட மொகத்துக்குச் சொல்ல ஏலாது. ரூட்ல பிழை இல்ல, நான்தான் பிழையாத் திரும்பின எண்டு சொல்லுங்க. இல்லாட்டி அந்த மனுசன் அத நெனச்சே செத்துருவாரு."

நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதிரை மட்டும். தூக்கிய கை தூக்கியபடி.

"ஓம், சொல்றேன்," என்றார் அவர், என்னைப் பார்த்துக்கொண்டே.