கடைசிச் சரணத்துக்கு எழுந்து நின்றவளே

இன்று ஞாயிறு. ஆராதனைக்குக் கிளம்புமுன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். மூடியைத் திறந்ததுமே நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். நம் பெஞ்சில் எப்போதும் இந்த வாடைதானே? முன்வரிசைச் சீமாட்டிகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்துவார்கள். "அவளுவ செண்டு வாடைக்கு நாம பொத்திக்கிட்டோமா?" என்பாய், அவர்கள் காதில் விழும்படியாகவே.

அந்த முழங்கால் வலியோடுதான் நீ எழுந்து நிற்பாய். நம் பாட்டெல்லாம் பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை சொல்லித்தான் முடியும். அந்தக் கடைசிச் சரணத்துக்குச் சபையே எழுந்து நிற்கும். பிறகு வந்து சேர்ந்தான் புதுப் பாட்டுத் தலைவன். சித்திரை வெயிலில் கோட்டு. கண்ணை மூடினால் திறக்கமாட்டான். பல்லவியை மாவரைக்கிற மாதிரி அரைத்துக்கொண்டே இருப்பான், கடைசிச் சரணம் வரும்போது மட்டும் அவனுக்கு நேரம் இருக்காது. பாட்டு வரிகளைக் காட்டும் திரையிலிருந்தே அதை எடுத்துவிட்டான். சபையும் ஆமாம் சாமி போட்டது.

பாட்டு நின்று எல்லோரும் புடவையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, நீ முன்பெஞ்சைப் பிடித்து எழுந்து அந்தச் சரணத்தை உரக்கப் பாடுவாய். நானும் எழுந்துகொள்வேன். இரண்டு பைத்தியங்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

"இயேசப்பான்னு கூப்பிட்டா போதும் ஆன்ட்டி, மூணு பேரும் அதுலயே வந்துடுறாங்க" என்று உனக்கே வகுப்பெடுத்தான் அவன்.

"அப்படியா தம்பி? உன் கல்யாணப் பத்திரிகையில உன் பேரை மட்டும் போடு. உங்கப்பா பேரு அதுலயே வந்துடும்" என்றாய். இளித்துவிட்டு மைக்கைத் தட்டிப் பார்த்தான். மண்டையில் ஏறினால்தானே!

அன்று மன்னார்குடி பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ சிரிக்கவில்லை. "அனுப்புனவரு பிதா. வந்தவரு குமாரன். இன்னிய வரைக்கும் நம்மகூட இருக்குறவரு ஆவியானவர். நன்றி சொல்றப்ப இதுல யாரைடி வாசல்ல நிறுத்துறது?" என்றாய். பஸ் வந்த பிறகு, "என்னைப் புதைக்கிற அன்னிக்கும் அந்தச் சரணத்தை வெட்டுவான். நீ விட்டுடாத" என்றாய்.

வெட்டினான். ஐப்பசி மழை. கல்லறைத் தோட்டம் வாய்க்காலை ஒட்டி இருப்பதால் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. மஸ்கட்டிலிருந்து வர முடியாத உன் மகனுக்காகச் சொந்தக்காரர் ஒருவர் செல்போனைக் குழிப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். பாட்டை அறுத்துவிட்டு, "மண்ணு போடலாம்" என்றான் கோட்டுக்காரன். போதகரும் புத்தகத்தை மூடிவிட்டார்.

"யாரும் போடாதீங்க. இன்னும் ஒரு சரணம் பாக்கி இருக்கு" என்றேன்.

"மழை வலுக்குது ஆன்ட்டி."

"வலுக்கட்டும். நீ குடைக்குள்ளதானே நிக்கிற?"

பாடினேன். என் குரலின் லட்சணம் உனக்குத் தெரியும். ஒருத்தரும் கூடச் சேர்ந்து பாடவில்லை. செருப்பில் ஒட்டிய சேற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள், கோழைகள். அப்போது செல்போனிலிருந்து உன் மகன் பாடினான். குரல் அவ்வளவு தூரத்திலிருந்து வரவேண்டுமே. நான் ஆவியானவருக்கு வந்தபோது அவன் இன்னும் பிதாவிலேயே நின்றான். நடுவில் அழுதான். நான் முடித்த பிறகும் அவன் குரல் வந்துகொண்டிருந்தது. அது முடிகிறவரை மண்வெட்டியைத் தொடவிடவில்லை நான். "நெட்வொர்க் ஸ்லோ" என்று ஊருக்கு விளக்கம் சொன்னான் அந்த மேதாவி.

இன்றைக்கும் வெட்டினான். இன்றைக்கும் எழுந்தேன். நீ இல்லாத அந்தப் பெஞ்சு எனக்குப் பிடிக்கவே இல்லையடி. கால் கடுத்தாலும் பாடி முடித்ததும் உடனே உட்காருவதில்லை. என் காதில் உன் மகன் இன்னும் பின்னால் வந்துகொண்டிருக்கிறான். அவனும் ஆவியானவர் வரைக்கும் வந்து சேரட்டும் என்று நிற்கிறேன்.