சீக்கிரம் முடிந்த ஆபரேஷன்

சின்னுக் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நின்றபடியே தூங்கி விழாமல், நல்லபடியாக இருக்க வேண்டும்.

போனைத் தட்டினால் பேசிவிடலாம், இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். அம்மாவின் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம். நான் எந்த மூலைக்குப் போய் முணுமுணுத்தாலும், “அங்க என்ன ரகசியம்?” என்று குரல் வருகிறது. போன வாரம் கடையிலிருந்து உன்னைக் கூப்பிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ “அப்பா” என்றதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். பைப் விலை ஏறிப்போச்சு என்று எதையோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்திக்கொள்ளலாம். அதனால்தான் கடிதம்.

கடை நடக்கிறது. எதிரே மாடி எழுப்புகிறார்கள், குழாய் சாமான் முழுக்க நம்மிடம்தான். அங்கே வேலை பார்க்கும் மேஸ்திரி, “டாக்டரம்மா எப்ப ஆபரேஷன் பண்ண ஆரம்பிப்பாங்க?” என்று கேட்டான். “அவ பண்ண மாட்டா. அடுத்தவன் கத்தி வைக்கிற நேரத்துல ஆளை உசுரோட வச்சிருப்பா” என்றேன். “அப்ப கஷ்டமான வேலை இவங்களுதுன்னு சொல்லுங்க” என்றான். இத்தனை வருஷத்தில் அவன் பேசிய ஒரே உருப்படியான பேச்சு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

ஆபரேஷன் அன்று காலையில் அம்மாவைப் பார்க்க மயக்க மருந்துப் பிரிவில் பயிற்சியில் இருக்கும் பெண் ஒருத்தி வந்தாள். உன் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே உன்னைப் போலவே கறுப்பு. அவள் கேட்பதற்கு முன்பே அம்மா வாயை அகலத் திறந்து, நாக்கை நீட்டி, கழுத்தைப் பின்னால் சாய்த்துக் காட்டிவிட்டாள். “ஆடற பல் எதுவும் இல்லை. பச்சைத் தண்ணிகூட குடிக்கலை” என்று நீ சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “எம் பொண்ணும் உங்க வேலைதாம்மா” என்று அம்மா சொன்னபோது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரிதான் அம்மா உள்ளே போனாள்.

வயிற்றுக் கட்டியை எடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நம்பினோம். அதனால்தானே உனக்கு லீவு கிடைக்காதபோது “பரவாயில்லை” என்று நானே சொன்னேன். மத்தியானம் தாண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் வெளியே போய் ஒரு டீ வாங்கி ஆற்றிக் குடிப்பதற்குள் கூப்பிட்டு, முடிந்துவிட்டது என்றார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். டாக்டர் வந்து பேசுகிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. உடனே உனக்குப் போன் போட்டு, “சின்னு, சொன்னதுல பாதி நேரம்கூட ஆகலை, அதுக்குள்ள முடிச்சுட்டாங்க!” என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். என் தொழிலில் வேலை சீக்கிரம் முடிந்தால் நல்ல செய்தி.

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து “ஹலோ, ஹலோ” என்றேன். “கேக்குதுப்பா” என்றாய். அவ்வளவுதான். எத்தனை ஆபரேஷனில் தலைமாட்டில் நின்றிருப்பாய். திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினால்தான் அவ்வளவு சீக்கிரம் முடியும் என்று உனக்குத் தெரியாதா? டாக்டர் எனக்குச் சொல்வதற்கு முன்பே, நானே என் வாயால் உனக்குச் சொல்லிவிட்டேன். அதுவும் சிரித்துக்கொண்டே.

எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது, கை வைக்க முடியவில்லை என்று டாக்டர் சொன்னார். எனக்கு நம் கடைப் பிளம்பர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். சுவரை உடைத்துப் பார்ப்பார்கள். உள்ளே குழாய் லைன் முழுக்கக் கெட்டுப்போயிருந்தால் எதையும் தொடாமல் பூசிவிட்டு வந்துவிடுவார்கள். அந்த வேலையும் சீக்கிரம்தான் முடியும். அது எனக்குத் தெரியும், சின்னு. அன்றைக்குத் தோன்றாமல் போய்விட்டது.

மயக்கம் தெளியும்போது அந்தப் பெண் அம்மாவின் நெற்றியில் கை வைத்துக் கூப்பிட்டிருக்கிறாள். அம்மா கண்ணைத் திறக்காமலே, “சின்னு, எப்படா வந்தே?” என்றாளாம். அந்தப் பெண்ணும் “இப்பதாம்மா” என்று சொல்லியிருக்கிறாள். அவளே வந்து என்னிடம் சொன்னாள்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். கேட்டாள், சொன்னேன். அழுவாள் என்று பார்த்தால் பேரம் பேசினாள். “என்னங்க, அவதான் அன்னிக்கே வந்து என் நெத்தியில கை வச்சுப் பார்த்துட்டாளே. அது போதும். கடைசிப் பரீட்சை முடியற வரைக்கும் அவளை இங்கே வான்னு கூப்பிட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நிஜமாகவே நீதான் என்று நம்புகிறாளா, என்னை மடக்கப் போட்ட தூண்டிலா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எத்தனையோ பெரிய முதலாளிகளிடம் பேரம் பேசியிருக்கிறேன். இப்படி ஒருத்தரிடமும் தோற்றதில்லை. சத்தியம் பண்ணிவிட்டேன்.

இப்போது நான் எழுதப்போவதுதான் முக்கியம். உட்கார்ந்து படி.

ஆபரேஷன் நடக்கும்போது நாடி பார்க்கிற மெஷின் சத்தம் ஒரு சுருதி இறங்கினால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் உன் காது அங்கே போய்விடும் என்று ஒருமுறை சொன்னாயே. அம்மா அதை மறக்கவில்லை. வலி மாத்திரை போட்டால் அவளுக்கு நாக்குக் குழறுகிறது. உன் காதுக்கு அது தப்பாது என்று பயந்து, தினமும் சாயங்காலம் நீ கூப்பிடுகிற நேரம் வரைக்கும் மாத்திரையைத் தொடுவதில்லை. மத்தியானத்திலிருந்தே போர்வை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். போன் அடித்ததும் துணியை எடுத்துவிட்டு, “என்னடி, சாப்பிட்டியா?” என்று கணீரென்று கேட்கிறாளே, அந்தக் குரலுக்கு இதுதான் விலை. உனக்கு வேலை அதிகமாகி நீ கூப்பிடத் தாமதமானால், அதுவரைக்கும் மாத்திரை கிடையாது. நான் கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். “நீங்க கடையைப் பாருங்க” என்கிறாள்.

அவளிடம் தெரியாத மாதிரி நீ பேசுகிறாய். உன்னிடம் ஒன்றும் இல்லாத மாதிரி அவள் பேசுகிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தட்டைக் கழுவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊரார் வலியை நிறுத்தத்தான் நீ இத்தனை வருஷம் படிக்கிறாய். இந்த வீட்டில் உன் போன் வருகிற நேரம்தான் வலி அதிகம். கடுமையாக எழுதுகிறேன் என்று தெரியும். இதை உனக்குப் பூசி மெழுகிச் சொல்ல என்னால் முடியவில்லை.

உன் பரீட்சையைப் பற்றி அந்தப் பெண்ணிடமே விசாரித்தேன். இந்தத் தடவை எழுதாவிட்டால் அடுத்த தடவை எழுதலாம், ஆனால் பாதியில் விட்டுப் போனால் பயிற்சி நீளும், மேலே இருப்பவர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்றாள். அந்த நஷ்டம் சின்னது என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வருஷம் மயக்க மருந்து முகமூடியை நோயாளி முகத்தில் அழுத்திப் பிடித்துப் பிடித்து உன் விரல் மரத்துப்போன கதையெல்லாம் கேட்டவன் நான். ஆனால் அடுத்த தடவை என்று ஒன்று எதற்கு இருக்கிறது, எதற்கு இல்லை என்பது உனக்கே தெரியும்.

அம்மாவுக்குக் கொடுத்த சத்தியத்தை நான் மீறவில்லை. முதல் வரியிலிருந்து படித்துப் பார். உன்னைக் கூப்பிடுகிற ஒரு சொல்கூட இதில் இல்லை.

வெளிக் கதவைப் பகலில் நாங்கள் தாழ் போடுவதில்லை. கட்டிலின் தலைமாட்டில் ஒரு நாற்காலி கிடக்கிறது. அதில் நான் உட்கார்ந்து நெற்றியைத் தடவினால், இரும்புச் சாமான் தூக்கிய கை, குத்துகிறது என்று அம்மா தள்ளிவிடுகிறாள். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வைத்த கை மெத்தென்று இருந்ததாம்.

நீ கை வைக்கிற யாருக்கும் வலி தெரியாமல் இருக்கட்டும், கண்ணு.

உன் அப்பா