முப்பத்து நான்கு குஞ்சுகளும் ஒரு காவல்காரனும்

மே 4, ஞாயிறு

இன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: மகள், மாப்பிள்ளை, பேத்தி, பெட்டி தூக்க வந்த டாக்ஸிக்காரர், மாப்பிள்ளையின் அம்மா, நான். டாக்ஸி போன பிறகு இருந்தவர்கள்: மாப்பிள்ளையின் அம்மா, நான், முப்பத்து நான்கு கப்பி மீன் குஞ்சுகள். பன்னிரண்டு நாளைக்கு இப்படித்தான்.

அந்தம்மாவும் நானும் ஐந்து வருஷமாக ஒரே அறையில் படுக்கிறோம். ஜன்னல் பக்கக் கட்டிலை அந்தம்மா முதலில் வந்து பிடித்துக்கொண்டார். அதனால் பேத்திக்கு அவர் ஜன்னல் பாட்டி, நான் கதவுப் பாட்டி.

குஞ்சுகளின் தொட்டி ஹாலில், கல்யாணப் போட்டோவுக்குக் கீழே இருக்கிறது. அந்தப் போட்டோவில் இருபத்திரண்டு பேர். எடுக்கும்போது, "கொஞ்சம் நகர்ந்துக்கங்க சம்பந்தி, பையன் மறையறான்" என்றார் அந்தம்மா. நகர்ந்தேன். படத்தில் என் இடது தோளும் ஒரு காதும் விழுந்திருக்கின்றன. பெண்ணைப் பெற்றவளின் காது. பத்தொன்பது வருஷம் நான்கு மாதம் ஆகிறது.

போகும்போது பேத்தி இந்த நோட்டை என் கையில்தான் கொடுத்தாள். "தினமும் எண்ணி எழுதுங்க கதவுப் பாட்டி. வகுப்புல நாலு பேருக்கு ஆளுக்கு அஞ்சு தர்றேன்னு சொல்லியிருக்கேன். உங்களுக்குத்தான் எதுவும் மறக்காது."

"அது வாஸ்தவம்" என்றார் அந்தம்மா. "எதுவுமே மறக்காது."

சொல்லட்டும். இந்த வீட்டில் துணி மடிப்பதைத் தவிர எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு இது.

மே 5

34. டப்பாத் தூள் போட்டேன். வாயில் வாங்கித் துப்புகின்றன. எனக்கே அவமானமாகிவிட்டது, சமைத்தவள் நான் இல்லை என்றாலும்.

வண்ணமீன் கடைக்காரரிடம் போனேன். "உயிரோட இருக்கிற தீனி போடுங்க பாட்டி, பத்து நாள்ல மதமதன்னு வளரும்" என்றார். அவரிடம் இருந்த புழு நாறியது. "அப்போ பூங்காக் குளத்துல வடிகட்டியை விட்டு அள்ளுங்க. தண்ணிப்பூச்சி கிடைக்கும். ஆனா ஒவ்வொண்ணா பார்த்துப் போடணும், கண்டதும் கூட வரும்."

பேத்தி திரும்பி வரும்போது விரல் நீளத்துக்கு வளர்த்துக் காட்ட வேண்டும். யார் வளர்த்தது என்று கேட்பாள். அந்தம்மாவும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மே 6

34. சமையலறை டீ வடிகட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். குனிந்தது சுலபம், நிமிர்வதற்குள் பொழுது விடிந்துவிட்டது. நடைப்பயிற்சிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன பாட்டி தொலைச்சீங்க?" என்றார் காவலாளி.

"மானத்தைத்தான். கிடைச்சா சொல்றேன், போங்க."

தத்தித் தத்தி ஓடும் தண்ணிப்பூச்சி அரைப் பாட்டில் கிடைத்தது. தொட்டியில் விட்டதும் குஞ்சுகள் பாய்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கண்தான் உடம்பு என்று இருந்தவை, வயிறும் உண்டு என்று காட்டின. கூடவே ஒரு இறால் குஞ்சும் வந்திருக்கிறது. சேற்று நிறம், ஆறு கால், அடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. தொட்டியின் அடிக் குப்பையை இறால் தின்னும் என்று மாப்பிள்ளை எப்போதோ சொன்னார். காசில்லாமல் ஒரு வேலையாள். காவல்காரன் என்று பேர் வைத்தேன்.

"டீ வடிகட்டி எங்க போச்சு?" என்று கேட்டார் அந்தம்மா. எனக்கென்ன தெரியும் என்றேன். பிறகு கழுவி வைத்தேன். இரண்டு தடவை கழுவினேன். டீயை அவருக்கு முதலில் கொடுத்தேன்.

மே 8

31. நன்றாக எண்ணினேன். தழைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

மே 9

28. ஒளியவில்லை.

பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியோடு அந்தம்மா தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டார். இதில் என்ன அர்த்தம்?

மே 10

24. கேட்டுவிட்டேன்.

"தினமும் மூணு நாலு குறையுது. இந்த வீட்ல இருக்கிறது ரெண்டே பேர்."

"அதனால?"

"அதனாலதான் கேக்குறேன்."

"நான் மீனை என்ன பண்ணப் போறேன் சம்பந்தி? ஊறுகாயா போடப் போறேன்? அந்த அடியில உட்கார்ந்திருக்கே, அது என்னன்னு பார்த்தீங்களா?"

பேச்சை மாற்றுகிறாராம். என் காவல்காரன் மேல் பழி. "அது இறால். நான் கொண்டுவந்தது" என்றேன். அந்தம்மா பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். பேச வழியில்லாமல் போனது என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன்.

மே 11

20. பேத்தி போன் செய்தாள். எத்தனை என்று கேட்டாள். சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். "ஜன்னல் பாட்டியைக் கேளு. நான் இல்லாத நேரத்துல தொட்டிகிட்ட நிக்கிறாங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். நான் உள்ளதைத்தானே சொன்னேன்? நின்றாரா இல்லையா?

மே 12

17.

மே 13

இன்று காவலுக்கு நானே உட்கார்ந்தேன். காலை டீ முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தம்மாவைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று. அந்தம்மா மாடிக்குத் துணி காயப்போடப் போயிருந்தார்.

ஒரு குஞ்சு காவல்காரனுக்கு முன்னால் போயிற்று. அவன் முகத்துக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. கை இல்லை, தாடை. மடக்கி வைத்திருந்த தாடை. நீண்டது, பிடித்தது, மடங்கியது. குஞ்சின் வால் மட்டும் வெளியே துடித்தது. அவ்வளவுதான்.

அடிப்பாவி, ஏழு நாளா நீயே தீனியும் போட்டு, தின்றவனையும் நீயே கொண்டாந்து விட்டு, பேரும் வெச்சியேடி. உனக்கு ஒரு நோட்டு வேற.

கடைக்காரர் சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. ஒவ்வொண்ணா பார்த்துப் போடணும், கண்டதும் கூட வரும். நினைவு வைத்துக்கொண்டேன். கேட்கத்தான் இல்லை.

14. அவனை வடிகட்டியில் எடுத்து, காலி ஜாம் பாட்டிலில் தண்ணீரோடு போட்டு, பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கொல்ல மனம் வரவில்லை. பட்டினி கிடந்து சாகட்டும் என்று விட்டேன். எவ்வளவு நல்ல மனசு.

மே 14

14. குறையவில்லை. இனி குறையாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மே 15

14. பாட்டிலைப் பார்த்தேன். காவல்காரன் உயிரோடு இருக்கிறான். தண்ணீரில் நாலைந்து கொசுப்புழு நெளிகிறது. ஒரு துடைப்பக் குச்சி சாய்த்து வைத்திருக்கிறது. நான் வைக்கவில்லை.

இந்த வீட்டில் இருக்கிறது ரெண்டே பேர்.

அப்படியென்றால் அந்தம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், நிம்மதியாக இருந்திருக்கும்.

மே 16

மகள், மாப்பிள்ளை, பேத்தி மூவரும் வந்துவிட்டார்கள். பேத்தி செருப்பைக் கூடக் கழற்றாமல் தொட்டியிடம் ஓடினாள். எண்ணினாள். திரும்பி ஜன்னல் பாட்டியைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன்.

"ஆமாம்மா, நான்தான்" என்றார் அந்தம்மா. "மூடியைச் சரியா வைக்கலை. பூனை வந்துட்டுப் போச்சு."

மூன்றாவது மாடிக்குப் பூனையா? பொய் சொல்லிப் பழக்கமே இல்லை அந்தம்மாவுக்கு. என்னைக் கேட்டிருந்தால் நல்லதாக ஒன்று சொல்லிக் கொடுத்திருப்பேன்.

"இனிமே தொட்டி பக்கம் போகாதம்மா" என்றார் மாப்பிள்ளை, பெற்ற தாயிடம். அந்தம்மா தலையாட்டினார். பத்தொன்பது வருஷம் ஓயாத என் நாக்கு அப்போது எங்கே போயிருந்தது? சாப்பிட்டேன். மறுசோறு வாங்கி வேறு சாப்பிட்டேன்.

மே 17

காலையில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது பாட்டிலைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"இதுதான் அந்தப் பூனை" என்றேன். "பூங்காவிலிருந்து கொண்டுவந்தது நான்."

பேத்தி குனிந்து பார்த்தாள். "இது தட்டாம்பூச்சிக் குஞ்சு, தண்ணிலதான் வளரும். போன்ல ஜன்னல் பாட்டின்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"பொய்யா?"

"அப்போ எனக்கே தெரியாது. நேத்து தெரியும். நேத்தும் சொல்லல."

எழுந்து போய்விட்டாள். வகுப்பில் நாலு பேரில் ரெண்டு பேருக்கு இல்லை என்று அவள் சொல்ல வேண்டும்.

அறையில் அந்தம்மா கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குச் சொன்னீங்க?" என்றார். "பத்து நாள்ல மறந்திருப்பா."

"நீங்க எதுக்குப் பழியை எடுத்துக்கிட்டீங்க?"

"என் மேல ஏற்கெனவே பத்தொம்பது வருஷத்துக்குச் சேர்த்து வெச்சிருக்கீங்க. இன்னொண்ணு ஏறினா எடை தெரியாதுன்னு பார்த்தேன்."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அந்தம்மாவுக்கு முன்னால் நான் சிரித்ததில்லை.

மே 19

பேத்தி பேசவில்லை. மூன்றாவது நாள். என் ரத்தம், வேறு எப்படி இருக்கும்.

மே 20

"கதவுப் பாட்டி, உப்பு" என்றாள். கொடுத்தேன். அவசரத்தில் பாதி மேசையில் கொட்டிவிட்டது.

மே 28

14. பத்தும் நாலுமாகப் பிரித்தாகிவிட்டது. பத்தைத் தோழிகள் ரெண்டு பேர் வாங்கிப் போனார்கள். மற்ற ரெண்டு பேருக்கு, இந்த நாலும் பெரிதாகிக் குஞ்சு போட்டதும்.

தீனி வேலை இப்போது இரண்டு பேருக்கு. பேத்தியின் உத்தரவு. நான் அள்ளுவேன், அந்தம்மா பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்து "போடலாம்" என்ற பிறகுதான் போட வேண்டும். பூங்காவில் காவலாளி "ரெண்டு பேரும் தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் "இவங்களுதுதான், நான் தேடிக் கொடுக்க வந்தேன்" என்கிறார் அந்தம்மா.

பாட்டிலில் இன்று குச்சியின் மேல் வெறும் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. காவல்காரன் பறந்துவிட்டான். அவனை மன்னித்தேன், பசிக்குத் தின்றான். கடைக்காரரை மன்னித்தேன், சொல்லத்தான் சொன்னார். ஜன்னல் கட்டிலைக்கூட விட்டுவிடுகிறேன், அந்தப் பக்கம் கொசு. போட்டோ? அதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

ஆனால் பத்தொன்பது வருஷமாக நான் பாடுபட்டுச் சேர்த்து வைத்ததை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு பொய்ப் பூனையை வைத்துக் கரைத்துவிட்டார் ஒருவர். இனி மத்தியானத்தில் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் எதை நினைப்பது? அந்த ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

ஜன்னல் பாட்டி.