அத்தாவிடமே கேட்ட மச்சானுக்கு

என் பிரியமான நண்பா, மச்சான் செல்வம்,

என்னைப் பெற்ற அத்தா நலம். இந்த எண்பத்து மூன்று வயதிலும் நேற்று லால்பேட்டை கடைத்தெருவுக்கு நடந்தே போய் மீன் வாங்கி வந்தார். இதை உன்னிடம்தானே முதலில் சொல்ல வேண்டும்?

2008-இல் அத்தாவுக்கு மாரடைப்பு வந்தபோது, சிதம்பரத்தில் நீ டாக்டராக இருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தோம். இதய நோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரைச் சேர்த்தாய். வயது எண்பது, ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, கிட்னியும் சரியில்லை. எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் போட்டு, பிழைக்கும் வாய்ப்பைக் கணக்குப் பார்த்துவிட்டு வெளியே வந்தாய்.

"மச்சான், உங்கிட்ட மறைக்கல. கணக்குப்படி அத்தா பொழைக்கிற வாய்ப்பு கம்மி."

என் அண்ணன் உடைந்துபோனான். "அப்ப வூட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுறோம் டாக்டர். அங்க நிம்மதியா போவட்டும்."

"இருங்கண்ணே. போன மாசம் எப்படி இருந்தாரு? தானா குளிச்சாரா? நடந்தாரா?"

"பள்ளிவாசலுக்கு தினம் நடந்துதான் போவாரு" என்றேன்.

"இதைக் கணக்கு கேக்கவே இல்ல மச்சான். அது அத்தா மாதிரி இருக்கிற நெறைய பேரைப் பத்திச் சொல்லுது. அத்தாவுக்கு என்ன வேணும்னு அத்தாதான் சொல்லணும்."

எங்களையும் அழைத்துக்கொண்டு உள்ளே போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"நான் பொழைப்பனா தம்பி?"

"கஷ்டம்தான் அத்தா. ஆனா முயற்சி பண்ணலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

"மூச்சு விடத் தொண்டையில கொழா மட்டும் வேணாம். மத்ததெல்லாம் செய்யுங்க. வூட்டுக்கு அனுப்பிடாதீங்க."

அண்ணன் அவர் காலடியில் நின்று அழுதான். அவரிடமே கேட்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை?

அந்த வாரம் முழுக்க நீ ஒருமுறைகூட 'பிழைத்துவிடுவார்' என்று சொல்லவில்லை. கைவிடவும் இல்லை. பொய் சொல்லாமலே ஒருவருக்குத் தைரியம் கொடுக்க முடியும் என்று உன்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அத்தா எழுந்து உட்கார்ந்து டீ கேட்டபோது, ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். நான் பார்த்தேன் மச்சான்.

கடலூர் சாலையில் உன் கார் கவிழ்ந்து நீ எங்களை விட்டுப் போவாய் என்று எந்தக் கணக்கு சொன்னது? துக்கத்துக்கு வந்த அத்தா உன் அம்மாவின் எதிரே உட்கார்ந்து, "எங்கிட்ட ஒரே ஒரு ஆளுதாம்மா உண்மையைச் சொன்னான். அது ஒம்புள்ள" என்றார்.

இப்போது உன் அம்மாவுக்கும் இதயம் பலவீனமாம். இந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டால் போக மாட்டேன். "அவுங்ககிட்டயே கேளுங்க சார்" என்பேன். அம்மா என்ன சொன்னாலும் அதன்படியே செய்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மச்சான்,
உன் அம்மாவுக்கு இன்னொரு மகன்,
ஜாபர்